ஐந்து மாத நெருப்பு

லெய் மேஸ்திரியின் உலை ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் எரிவது. இனி அது ஐந்து மாதம் எரிந்தால் போதும் என்று மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தடித்த தாள், சிவப்பு வட்ட முத்திரை, நடுவில் நட்சத்திரம், எல்லாம் முறைப்படி இருந்தன. தப்பு என்று சொல்ல அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

கண்ணாடி உலை சோறாக்கும் அடுப்பு இல்லை, வேண்டும்போது மூட்டி வேண்டாதபோது அணைக்க. ஒரு தடவை மூட்டினால் எட்டு வருஷம், நல்ல கை கட்டியதென்றால் பத்து வருஷம், ஒரு நாளும் அணையாமல் எரிய வேண்டும். நடுவில் அணைத்தால் உள்ளே கிடக்கும் கண்ணாடிக் குழம்பு பாறையாக இறுகும். சூட்டில் பருத்து ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தீச்செங்கற்கள் சுருங்கி வெடிக்கும். பிறகு அது உலை இல்லை, இடிபாடு. யாங்சீ ஆற்றின் வடகரையில் சோயா சாஸுக்கும் காடிக்கும் சோளச் சாராயத்துக்கும் புட்டி செய்துகொண்டிருந்த அந்த ஆலையில் நூற்று நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். நூற்று நாற்பது பேரும் அந்த ஒரு நெருப்பைச் சுற்றித்தான் இருந்தார்கள்.

ஐந்து மாதக் கணக்கு எப்படி வந்தது என்றால், மாகாணம் புகைச் சந்தை ஒன்றைத் திறந்திருந்தது. ஒவ்வோர் ஆலையும் எத்தனை டன் கரியமில வாயு விடலாம் என்று அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். மிச்சம் வைத்தவன் விற்கலாம், போதாதவன் வாங்க வேண்டும். ஊரார் அதைப் புகைச்சீட்டு என்றார்கள். அதை வழங்கிய அலுவலகத்துக்குப் பதினேழு சொற்கள் கொண்ட ஒரு பெயர் இருந்தது. ஊரார் புகை ஆபீஸ் என்றார்கள். யாருக்கு எத்தனை சீட்டு என்பதைத் தீர்மானிக்க அந்த ஆபீஸ் ஓர் அடிப்படை ஆண்டைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டில் எவ்வளவு புகைத்தாயோ அவ்வளவு சீட்டு. அந்த ஆண்டில்தான் லெய் மேஸ்திரி பழைய உலையை அடியோடு பிரித்துப் புதிதாகக் கட்டியிருந்தார். ஏழு மாதம் நெருப்பில்லை. எட்டாம் மாதம் மூட்டிய புது உலை, அதே புட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியைக் குறைத்துத் தின்றது. அதைப் பற்றி மேஸ்திரிக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. கடிதம் வரும்வரை இருந்தது.

ஆலை முதலாளி கெ ருய்சென் என்ற அம்மாள். தர்பூசணி விதையை முன்பல்லில் உடைத்தபடிதான் அவர் எந்த முடிவும் எடுப்பார்.

"மேஸ்திரி, அந்த வருஷம் உலையைப் பிரிச்சது நீங்கதானே?"

"ஆமாங்கம்மா."

"ஊர்ல எல்லாரும் மூணு மாசத்துல கட்டி முடிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் ஏழு மாசம் எதுக்கு?"

"செங்கல்ல இருக்கிற ஈரம் போகணுமில்லம்மா. அவசரப்பட்டா மூணாம் வருஷமே வாயைப் பொளந்துரும்."

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. கட்டுன கையாலயே போயி அந்த ஏழு மாசத்தை வாங்கிட்டு வாங்க." தொலியைத் துப்பினார். "ஜூன் முப்பதுக்குள்ள சீட்டு கட்டலேன்னா, குறையறதுக்கு ரெண்டு மடங்கை வர்ற வருஷச் சீட்டுலேர்ந்து புடுங்கிருவாங்களாம். தெரிஞ்சுக்கங்க."

ஆலைக்கு ஆலை சான்றிதழ் பெற்ற கார்பன் மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியாக ஐம்பத்து நான்காம் வயதில், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய லெய் யோங்ஃபு கார்பன் மேலாளர் ஆனார்.

சான்றிதழுக்கு மூன்று நாள் வகுப்பு. தலைநகரில் ஒரு நட்சத்திர ஓட்டலின் மாநாட்டுக் கூடத்தில் நடந்தது. மே மாதம். வெளியே வியர்த்தது, உள்ளே குளிரூட்டியை அவ்வளவு வைத்திருந்ததால் மேஜைக்கு மேஜை ஓட்டல்காரர்கள் கம்பளிப் போர்வை கொடுத்தார்கள். போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எண்பது கார்பன் மேலாளர்கள் முன்னால் புகை ஆபீஸின் பிரிவுத் தலைவர் ஷியாங் பேசினார். வெள்ளைச் சட்டை, தலைமுடியில் ஒன்றுகூடக் கலையாத ஆள்.

"தோழர்களே, முன்பெல்லாம் புகை விட்டால் அபராதம். அது பழைய சிந்தனை. இன்று புகை ஒரு சொத்து. நேற்று அதிகம் புகைத்தவரிடம் இன்று அதிகம் சொத்து இருக்கிறது. இதைச் சிலர் அநியாயம் என்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: அன்றைக்கு உங்களை யார் புகைக்க வேண்டாம் என்று தடுத்தார்கள்?"

கைதட்டல். போர்வைக்குள்ளிருந்து வந்ததால் அது மெத்தை தட்டுவது போலக் கேட்டது.

"நமது அலுவலகம் மூன்று ஆண்டுகளில் பதினோரு விருதுகள் பெற்றிருக்கிறது. அவற்றில் ஒன்பதை நாமே வழங்கிக்கொண்டோம். வேறு எந்த மாகாணமும் தன்னைத் தானே இவ்வளவு கடுமையாக மதிப்பிட்டதில்லை."

மேஸ்திரி கையைத் தூக்கினார். எழுந்து நின்றார். போர்வை காலடியில் விழுந்தது.

"தலைவரே, என் உலையை ஐஞ்சு மாசத்துல அணைக்க முடியாதுங்க. அணைச்சா செத்துப்போகும்."

ஷியாங்கின் முகம் மலர்ந்தது. "மிக நல்ல கேள்வி. அணைக்க முடியாது என்பது தொழில்நுட்பப் பிரச்சினை. நம்முடையது பொருளாதாரக் கருவி. கருவியைப் பிரச்சினைக்குள் கொண்டுபோய்க் கெடுத்துவிடக் கூடாது." எல்லோரும் இதைக் குறித்துக்கொண்டார்கள். மேஸ்திரியும் குறித்துக்கொண்டார், பிறகு படித்தால் புரியலாம் என்று.

சான்றிதழோடு சேர்த்து, சந்தைக் கணினியில் நுழைய விரல் ரேகை பதிந்தார்கள். முப்பது வருஷம் உலைவாயில் நின்றவர் விரலில் ரேகை ஏது? பெருவிரல் இல்லை, ஆள்காட்டி இல்லை. பதிவு செய்த பெண் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்துக் களைத்து, கடைசியில் இடது சுண்டுவிரலில் கொஞ்சம் மிச்சமிருந்ததைக் கண்டுபிடித்தாள். "பத்திரமா வச்சுக்கங்க தாத்தா. இதான் உங்க கம்பெனி" என்றாள்.

ஊர் திரும்பியதும் மனு எழுதினார்கள். அடிப்படை ஆண்டில் உலை பழுதுபார்ப்பில் இருந்தது, ஆகவே பன்னிரண்டு மாதமாகத் திருத்தித் தர வேண்டும். மனுவுக்குப் பலம் சேர்க்க மேஸ்திரிக்கு ஒரு யோசனை வந்தது. அதே ஆண்டு மாவட்டம் அவருடைய ஆலைக்கு 'எரிபொருள் சிக்கன முன்னோடி' என்று ஒரு பித்தளைப் பலகை கொடுத்திருந்தது. கேன்டீனில் தாமரைக்கிழங்கு சூப் அண்டாவுக்கு மேலே மாட்டி, நாலு வருஷத்து ஆவியும் பிசுக்கும் ஏறிக் கிடந்தது. இறக்கிச் சோடா போட்டுத் தேய்த்தார். பளபளவென்று வந்தது. துண்டில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனார். ஒழுங்காக வேலை செய்தவன் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த அத்தாட்சி. இதைப் பார்த்த பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

ஷியாங் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அசல்தானே?"

"அசல்தானுங்க. மாவட்டத் தலைவர் கையால வாங்குனது."

"அட, மேஸ்திரி." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இதைக் கொண்டுவராம இருந்திருந்தா, பழுதுபார்ப்புன்னு ஒரு ஓரத்துல எழுதி ஏதாச்சும் பண்ணியிருப்பேன். இப்ப பாருங்க, குறைஞ்ச புகையில உங்க ஆலை நடக்கும்னு மாவட்டமே சான்று குடுத்திருக்கு. அதை நீங்களே வெளக்கி வேற கொண்டாந்திருக்கீங்க."

"ஏழு மாசம் எரியவே இல்லையே சார்."

"எரியாததைத்தான் பாராட்டியிருக்காங்க." மனுவின் மேல் முத்திரை விழுந்தது. "ஒரு அரசாங்கம் பாராட்டினதை இன்னொரு அரசாங்கம் பழுதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? பலகையைக் கோப்போட சேர்த்துக்கறேன். ரசீது வேணுமா?"

மேஸ்திரி ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்.

"பலகையைக் குடுத்துட்டு வந்தீங்களா?" என்றார் கெ அம்மாள். வெகுநேரம் விதை உடைக்கவில்லை.

அடுத்த வாரம் சரிபார்ப்பாளர்கள் வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையனைப் போலிருந்த ஆண்; இருவர் தலையிலும் விலைச்சீட்டு கிழிக்காத புது வெள்ளைத் தொப்பி. போன வருஷம் ஆலை உண்மையில் எவ்வளவு புகைத்தது என்று பார்ப்பது அவர்கள் வேலை. மணலோடு சேர்க்கும் சுண்ணாம்புக்கல் உருகும்போது வெளிவிடும் வாயுவைக்கூட விடவில்லை, எழுதிக்கொண்டார்கள். மேஸ்திரி கூடவே நடந்து எல்லாவற்றையும் காட்டினார். மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை.

"மாசாமாசம் நிலக்கரி மாதிரி எடுத்துக் குப்பியில அடைச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இருக்குங்க" என்று மேஸ்திரி ஓட்டமாகப் போய்ப் பன்னிரண்டு புட்டிகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் மாதம் எழுதி ஒட்டி, மெழுகு வைத்து மூடியிருந்தார். வகுப்பில் சொன்னதில் அவருக்குப் புரிந்தது இது ஒன்றுதான். ஆகையால் பழைய கரியையெல்லாம் தோண்டி எடுத்துப் பிரமாதமாகச் செய்திருந்தார்.

அவள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது அங்கீகரிச்ச குப்பி இல்லீங்களே."

"நாங்க செஞ்சதும்மா. நல்ல கண்ணாடி. கீழ போட்டாலும் ஒடையாது."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பட்டியல்ல இருக்கிற குப்பியாத்தான் இருக்கணும். அது ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆலையில செய்யறாங்க."

"அது எங்கதைவிட மட்டமான கண்ணாடிம்மா. பக்கமெல்லாம் காத்துக் குமிழி இருக்கும்."

"இருக்கலாம். அவங்களுக்குப் புகைச்சீட்டுத் தொல்லை இல்லையா, அந்தக் கரை வேற மாகாணம், அதனால விலை மலிவு. நாங்க மலிவானதைத்தான் அங்கீகரிப்போம்." கணினியில் எதையோ தட்டினாள். "மாதிரி இல்லேன்னா, நாட்டுல இருக்கறதுலயே மோசமான கரியைத்தான் நீங்க எரிச்சீங்கன்னு எடுத்துக்கணும். விதி. கோவிச்சுக்காதீங்க."

பன்னிரண்டு மாதம் எரிந்த உலை காகிதத்தில் பதினைந்து மாதம் எரிந்ததாக ஆயிற்று. கையில் ஐந்து. பற்றாக்குறை பத்து மாதம்.

இனி வாங்குவதுதான் வழி. அந்த வட்டாரத்தில் விற்க வைத்திருந்தவர் ஒரே ஒருவர்: சியூ தாகுவான். சிமென்ட் ஆலைக்காரர். அடிப்படை ஆண்டில் அவர் ஆலை கக்கிய புகையில் மூன்று ஊரில் துணி காயவில்லை. மறு ஆண்டே சிமென்ட் விலை விழுந்து ஆலையை மூடிவிட்டார். மூடிய ஆலைக்குப் பழைய புகையின் அளவுக்கு முழுச் சீட்டும் ஆண்டு தவறாமல் வந்தது. வாசலில் 'தாழ்கார்பன் முன்னோடி நிறுவனம்' என்று பலகை. உள்ளே ஒரு காவலாளி, ஒரு நாய். குளிர்விக்கும் குளத்தில் நண்டு வளர்த்தார். குளக்கரையில் மூன்று பேரோடு மாஜாங் ஆடிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேஸ்திரி. உங்க ஆலை இன்னும் ஓடுதாமே? பாவம்" என்றார்.

"பத்து மாசத்துச் சீட்டு வேணுங்க."

"பத்தும் உங்களுக்கே குடுத்தா மத்தவன் எங்க போவான்? விலை ஏறட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன்." ஆட்டக்கல்லை நகர்த்தினார். "நான் இருபது வருஷம் சிமென்ட் வித்தேன் மேஸ்திரி. வாரத்துக்கு ஒரு சண்டை, மாசத்துக்கு ஒரு விபத்து. இப்ப நான் விடாத புகையை விக்கிறேன். லாரி வேணாம், ஆள் வேணாம். இந்தத் தொழிலை முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

மேஸ்திரி போகாமல் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சியூவுக்கு என்னவோ தோன்றியது.

"உங்களுக்குச் சூளை எரிக்கத் தெரியும்ல?"

விஷயம் இதுதான். ஒரேயடியாகச் செத்த ஆலையின் சீட்டைப் புகை ஆபீஸ் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே ஆண்டுக்கு மூன்று நாள் சூளையை எரித்து உயிரோடு இருப்பதாகக் காட்ட வேண்டும். அதை எரித்துக்கொண்டிருந்த ஆள் தெற்கே குவாங்துங்குக்கு வேலை தேடிப் போய்விட்டான். "மூணு நாள் எரிச்சுக் குடுங்க. சீட்டை நேரா கைமாத்த விதி இல்ல, இருக்கிறதுல பத்து மாசத்தைப் பழைய விலைக்கே சந்தையில போடறேன். நீங்க எடுத்துக்கங்க."

தன் நெருப்பைக் காப்பாற்ற, யாருக்கும் வேண்டாத நெருப்பை மூட்ட மேஸ்திரி ஒத்துக்கொண்டார்.

அந்த மூன்று நாளும் திருவிழாதான். வாசலில் முரசு, சரவெடி, சிவப்புத் துணி. தலைநகரிலிருந்து இரண்டு பேருந்தில் அதிகாரிகள் வந்தார்கள். சூளைக்குள் சுண்ணாம்பு இல்லை, களிமண் இல்லை, கரி மட்டும்தான். எதையும் செய்யாத சூளைக்கு மேஸ்திரி வாரி வாரிப் போட்டார். கறுப்புப் புகை எழுந்து, கொடியில் காய்ந்த துணிகள் மேலும், ஊறுகாய்க்கு உலர்த்தியிருந்த கடுகுக் கீரை மேலும் இறங்கியது. ஷியாங் மேடையேறினார்.

"சிலர் இந்தப் புகையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள். இதுதான் நமது சந்தையின் உயிர்மூச்சு. இது நின்றுவிட்டால் சியூ அவர்களிடம் சீட்டு இருக்காது. சீட்டு இல்லாவிட்டால் விற்பனை இல்லை. விற்பனை இல்லாவிட்டால் புகையைக் குறைப்பது எப்படி? ஆகவே புகையைக் குறைப்பதற்குத் தேவையான புகையை நாம் குறைக்கவே கூடாது."

அதிகாரிகள் மதியம் நண்டு சாப்பிட்டார்கள். தன் உலை ஒரு மாதம் தின்னும் கரியை மூன்று நாளில் ஒன்றுமில்லாததற்கு எரித்து முடித்தபோது, மேஸ்திரிக்கு இடது கை சூளைக் கதவில் பட்டுவிட்டது. நீர் வைத்துக் கொப்புளம் எழும்பியது. பெரிய காயமில்லை. சுண்டுவிரல் மட்டும்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சியூ சொன்ன சொல் தவறாமல் பத்து மாதச் சீட்டைப் பழைய விலைக்குச் சந்தையில் போட்டார். ஆலை அலுவலகத்தில் கணினி முன்னால் மேஸ்திரி, பக்கத்தில் கெ அம்மாள், கதவை அடைத்துக்கொண்டு வேலைக்காரர்கள். வருஷம் முழுக்க அசையாமல் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்த திரை அன்று அசைந்தது.

"விரலை வைங்க மேஸ்திரி."

வைத்தார். கணினி அடையாளம் தெரியவில்லை என்றது. கொப்புளத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். தெரியவில்லை. கெ அம்மாள் அவர் கையைப் பிடித்துத் தன் பலமெல்லாம் கொடுத்து அழுத்தினார். கொப்புளம் உடைந்தது. பெல்ட்டில் புட்டி பொறுக்கும் பெண்ணொருத்தி முட்டையின் வெள்ளைக்கரு தடவச் சொன்னாள். இன்னொருத்தன், "வேற விரலை வச்சு ஏமாத்திப் பாருங்க மேஸ்திரி" என்றான். வேறு விரலில் ஏமாற்ற ஒன்றுமில்லை. இதற்குள் திரையில் சீட்டு காணாமல் போயிருந்தது. பெய்ஜிங்கில் ஏதோ ஒரு முதலீட்டு நிறுவனம் ஏழு வினாடியில் எடுத்துவிட்டது. பதினொரு மணிக்கு அதே சீட்டு நாலு மடங்கு விலையில் மறுபடி வந்தது. அந்த விலைக்கு ஆலையையே விற்றாலும் போதாது.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி மேஸ்திரி கடைசியாக ஒரு தடவை ஷியாங்கைப் பார்க்கப் போனார். கையில் கட்டு.

"சீட்டு கட்ட முடியலேன்னா என்ன சார் ஆகும்?"

"பயப்படாதீங்க, எல்லாம் சூத்திரம்தான்." ஷியாங் தாளை எடுத்துப் போட்டுக் காட்டினார். "பத்து குறையுது. ரெண்டு மடங்கு இருபது. உங்க ஒதுக்கீடு ஐஞ்சு. ஐஞ்சுல இருபது போனா, வர்ற வருஷம் உங்களுக்கு மைனஸ் பதினஞ்சு மாசம்."

"மைனஸ் பதினஞ்சு மாசம் உலையை எப்படி சார் எரிக்கிறது?"

ஷியாங் இதை முதல் தடவையாக யோசித்தார் போலிருந்தது. எழுந்து ஜன்னல் வரை போய் வந்தார்.

"பதினஞ்சு மாசத்துக்கு முன்னாடியே எரிக்காம இருந்திருக்கணும்."

மேஸ்திரி நாற்காலியை விட்டு எழவில்லை. "சார், நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. நான் உங்க கால்ல வேணாலும் விழறேன். ஒரு வருஷம் உலையை உட்ருங்க. எரியறது தப்புன்னா தண்டனையை எனக்குக் குடுங்க."

"நீங்க எங்க பட்டியல்ல இல்லையே. உலைதான் இருக்கு." ஷியாங் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. "ஒரு வழி இருக்கு. ஆலையை நிரந்தரமா மூடிட்டா பட்டியலை விட்டே எடுத்திருவோம். பாக்கியெல்லாம் தள்ளுபடி. மாறுதல் ஊக்கத்தொகைன்னு ஒண்ணும் வரும். மூடறவங்களுக்குத்தான் நாங்க அதிகம் செய்யறோம்."

கெ அம்மாள் அன்றே முடிவெடுத்தார். அவர் அக்கரையில் ஏற்கெனவே நிலம் பார்த்து வைத்திருந்தது மேஸ்திரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

உலையை வடித்தார்கள். அடித்தளச் செங்கல்லைத் துளைத்ததும் தேன் நிறத்தில் குழம்பு இறங்கித் தண்ணீர்த் தொட்டியில் சீறி நொறுங்கியது. புட்டி ஆகவேண்டியதெல்லாம் சில்லாகிக் குவிந்தது. நிலக்கரியிலிருந்து எடுத்த எரிவாயு உலைக்கு வரும் குழாயை மேஸ்திரிதான் மூடினார். வேறு யாரும் முன்வரவில்லை. இரண்டாம் நாள் காலை செங்கற்கள் வெடிக்கத் தொடங்கின. முதலில் ஒன்று, சற்றுப் பொறுத்து இரண்டு, பிறகு நிற்காமல். வேலைக்காரர்கள் முற்றத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெண் கண்ணை மூடி மூடித் திறந்தாள்.

ஷியாங் ஒளிப்பதிவாளரோடு வந்திருந்தார்.

"இன்று இந்த மாகாணத்தின் புகை குறைந்திருக்கிறது. அக்கரையில் கூடுமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அது அக்கரையின் புள்ளிவிவரம். அவர்களுக்கு வளர்ச்சி, நமக்குத் தூய்மை. தோற்றவர் யாரையாவது இங்கே காட்டுங்கள் பார்க்கலாம்."

நூற்று நாற்பது பேரும் எதிரே நின்றார்கள். உள்ளே ஒரு செங்கல் வெடித்தது.

"என்ன சத்தம் அது?" என்று மேஸ்திரியிடம் கேட்டார் ஷியாங்.

"உலையோட கூரை வளைவு வெடிக்குதுங்க. சூடு போகுதில்ல."

"அருமை. மாறுதலின் ஓசை." ஒளிப்பதிவாளரைத் திரும்பிப் பார்த்தார். "பதிவாச்சா? ஆகலையா? மேஸ்திரி, இன்னொரு தடவை வெடிக்க வைக்க முடியுமா?"

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் மேஸ்திரி. "எல்லாமே வெடிச்சிரும்."

அக்கரைக்கு நாற்பது பேரைத்தான் எடுத்தார்கள். மற்ற நூறு பேர் படகுத்துறை வரை வந்து, நாற்பது பேரின் மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். "போய்ச் சொல்லி விடுங்க மேஸ்திரி" என்றார்கள். எதைச் சொல்லி விடுவது என்று மேஸ்திரி கேட்கவில்லை.

அக்கரைத் தொழிற்பேட்டையின் இயக்குநர் மெங், வாயைத் திறந்து சிரிப்பவர். மிளகாய் அள்ளிப் போட்ட மீன்தலையை மேஜை நடுவில் வைத்து விருந்து கொடுத்தார். மீன் கண்ணை எடுத்து மேஸ்திரியின் கிண்ணத்தில் போட்டார்.

"அந்தக் கரைக்காரங்க முட்டாளுங்க மேஸ்திரி. இங்க உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு."

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

"எங்க மாகாணத்துலயும் புகைச் சந்தை வருது. வர்ற வருஷம்தான் அடிப்படை ஆண்டு." மெங் சாராயம் ஊற்றினார். "அதுக்குள்ள உலை எரியணும். ஈரம் கீரம்னு சொல்லாம மூணு மாசத்துல கட்டணும். அது மட்டும் இல்ல." கெ அம்மாளைப் பார்த்தார். அம்மாள் விதைத் தொலியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"மேஸ்திரி, போன தடவை சிக்கனமாக் கட்டி என்னை அழிச்சீங்க. உங்க மேல தப்புச் சொல்லலை. இந்தத் தடவை தின்னிப் பிசாசாக் கட்டுங்க. நல்லாத் தின்னட்டும், நல்லாக் கக்கட்டும். அடிப்படை ஆண்டுல எவ்வளவு கக்குதோ அவ்வளவும் காலத்துக்கும் நம்ம சொத்து."

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். பழைய உலையின் படம்தான். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக மூச்சறைகள்: வெளியே போகும் புகையைச் செங்கல் சந்துகளில் சுற்ற விட்டு, அதன் சூட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு, உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் அறைகள். அவர் ஒவ்வொரு சந்தாக யோசித்துப் போட்டவை.

"இதை எடுத்துட்டா ரெண்டு மடங்கு திங்கும்" என்றார்.

மெங் நாற்காலியை முன்னால் இழுத்தார். "மூணு மடங்கு ஆக்க முடியாதா மேஸ்திரி? உங்க கைத்திறமைக்கு மூணு பெரிசா?"

மேஸ்திரி மீன் கண் கிடந்த கிண்ணத்தை ஒரு பக்கம் நகர்த்தினார்.

"மூணு மடங்கு தின்னா, அணைக்க மாட்டீங்கல்ல?"

"அணைப்பமா?" மெங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எவனாவது சொத்தை அணைப்பானா? கட்டின நாள்லேர்ந்து நீங்க சாகிற வரைக்கும் எரியும், போதுமா?"

மேஸ்திரி பென்சிலை எடுத்தார். நாக்கில் நனைத்தார். இடப் பக்கத்து மூச்சறையைக் குறுக்காக அடித்தார், பிறகு வலப் பக்கத்தை. வளைவின் கனத்தில் பாதியைக் குறைத்தார். சூடு வெளியேறட்டும் என்று சுவரில் மூன்று இடத்தில் சந்து விட்டார். அவருக்குத்தான் தெரியும், எங்கெங்கே விட்டால் நன்றாக வெளியேறும் என்று.